ஆறு நந்தியாவட்டைப் புழுக்கள்

கணேஸ்வரனுக்குத் தன் மனைவியின்மேல் பொறாமை வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் புஷ்பாவோடு எத்தனையோ விஷயங்களுக்குச் சண்டை போட்டிருக்கிறார். நாள் கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறார். ஆனால் அவளைப் பார்த்து வயிறு எரிந்தது அதுவரை கிடையாது.

அவர் வீடு இருந்த சுங்கை ஆயர் தாவாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத் தூரத்தில், தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் கிராணி. குலை ஏற்றி வரும் லோரிகளை எடைபோட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஆலையில் விடிய விடிய விளக்கு எரியும். காலை ஆறரைக்கு அவர் போய்ச் சேரும்போது, விளக்குக்கு வந்த அந்துப்பூச்சிகள் எடைக் கொட்டகையின் வெள்ளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு நாள், முதல் லோரி வரத் தாமதமானதால், பொழுது போகாமல் ஒரு பூச்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து, பூச்சி பார்ப்பவர்களின் முகநூல் குழு ஒன்றில் போட்டு இதன் பெயர் என்ன என்று கேட்டார். சபாவிலிருந்து யாரோ ஒருவர் ஐந்தே நிமிடத்தில் பெயர் சொன்னார். அன்று பிடித்த பழக்கம்தான்.

இப்போது அவர் நோட்டுப் புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வகைகள் இருந்தன. தேதி, மழையா வெயிலா, சுவரின் எந்தப் பக்கம் எல்லாம் குறித்து வைத்திருந்தார். குழுவில் அவரை யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் அவர் 'சிஃபு கணேஷ்'. சிஃபு என்றால் குரு. அந்தப் பட்டம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆலையில் அவரை அப்படி மதிக்க ஆளில்லை.

புஷ்பா வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மெஷின் முன்பக்கச் சன்னலை ஒட்டி இருந்தது. சன்னலுக்கு வெளியே, வாசல் கேட்டின் இரு பக்கமும் அவள் நட்டு வளர்த்த நந்தியாவட்டை வேலி. சாமிக்குப் பூ வேண்டும் என்று வைத்தது. ஜனவரி மாதம் ஒரு நாள், வேலியின் கொழுந்து இலைகள் காம்பு மட்டும் மிஞ்சி மொட்டையாக நிற்பதைப் பார்த்தாள். கீழே சிமெண்டுத் தரையில் மிளகுபோல உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடந்தது. அண்ணாந்து தேடினாள். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. அடிக்கலாமென்று குச்சியை நீட்டியதும் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தை வளைத்தது. கழுத்தில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள் விழித்தன. நிஜக் கண்ணல்ல, வெறும் புள்ளிதான். புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குச்சியைப் போட்டுவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்தாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அந்தப் படத்தைக் காட்டினாள்.

"இது என்ன புழுங்க?"

"புழுலாம் எனக்குத் தெரியாது. நான் பாக்கறது பூச்சி," என்றார் அவர், திரையைச் சரியாகப் பார்க்காமலேயே. "மருந்து அடிச்சி விடு. செடி போயிரும்."

அவள் மருந்து அடிக்கவில்லை. தைத்துக்கொண்டே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆவல் கூடியது. புழு தோலுரித்த பிறகு அந்தத் தோலையே தின்பதைப் பார்த்தாள். இலையைக் கிள்ளினால் வடியும் பால் மனிதர் கையில் பட்டால் எரிகிறது, புழுவை ஒன்றும் செய்வதில்லை என்று கண்டாள். நன்றாகத் தின்று கொழுத்தவை மட்டும் திடீரென்று ஒரு நாள் காணாமல் போய்விடும். மைனா தின்றுவிடுகிறது என்று நினைத்து வருத்தப்பட்டாள்.

மார்ச்சில் ஒரு நாள் மாலை, விளக்கேற்றும் நேரத்தில், பச்சை நிறத்தில் ஒரு பெரிய பூச்சி வேலியருகே அந்தரத்தில் நின்று சிறகடித்தது. இலைக்கு ஒன்றாக முட்டை வைத்துவிட்டுப் போனது. புஷ்பா அதைக் காணொளி எடுத்தாள். முட்டை, பொடிப் புழு, பெரிய புழு எல்லாவற்றையும் சேர்த்து, தமிழும் மலாயும் கலந்து தன் குரலில் கதை சொல்லி, கணவர் இருக்கும் அதே குழுவில் போட்டாள்.

மறுநாள் காலை ஆலைச் சுவரருகில் நின்று கணேஸ்வரன் அதைப் பார்த்தார். 

அந்தப் பச்சைப் பூச்சி அவருடைய பூச்சி. ஒன்பது வருடத்தில் நான்கே நான்கு முறைதான் அது சுவருக்கு வந்திருக்கிறது. பளிங்கில் பாசி படர்ந்தது போன்ற இறக்கை, நடுவில் இளஞ்சிவப்புப் பட்டை. அவர் எடுத்ததிலேயே பேர் வாங்கிய படம் அதுதான். நூற்று நாற்பது பேர் விரும்பியிருந்தார்கள். அது தன் வீட்டு வாசலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் காணொளிக்கு ஒரே இரவில் அறுநூறு விருப்பங்கள். "சிஃபு, உங்க வீட்டில் பெரிய சிஃபு இருக்காங்களே!" என்று சபாக்காரர் எழுதியிருந்தார்.

கணேஸ்வரன் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அன்று இரண்டு சீட்டுகளில் எடையைத் தப்பாக எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும், "குரூப்புல போடறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்.

"ஜனவரியில கேட்டேன்லா," என்றாள் புஷ்பா.



ஒரு வாரத்தில் முனைவர் ரூபினி என்பவர் புஷ்பாவுக்குச் செய்தி அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். புழுக்கள் நந்தியாவட்டையை மட்டும்தான் தின்கின்றனவா, பக்கத்தில் அரளி இருந்தால் அதையும் தின்னுமா என்று கேட்டிருந்தார். புஷ்பா அன்றே பக்கத்து வீட்டு அரளியில் தேடினாள். அங்கேயும் முட்டை இருந்தது. அரளியில் பொரித்த குஞ்சு அரளி தின்றது. நந்தியாவட்டையில் பாதி வளர்ந்ததைக் கொண்டுபோய் அரளியில் விட்டால் வாயே வைக்கவில்லை, பட்டினி கிடந்தது. நித்தியகல்யாணியை ஓரத்தில் கொறித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. இதையெல்லாம் அவள் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, படமெடுத்து, தன் கேள்விகளையும் குரல் செய்தியாகச் சேர்த்து அனுப்பினாள்.

கணேஸ்வரன் இதைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய கேள்விகள் நல்ல கேள்விகள். அதுதான் அவரை உறுத்தியது. ஒன்பது வருடமாகப் பூச்சி பார்க்கிறவருக்கு, இது என்ன தின்று வளர்ந்தது என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

ஒரு சனிக்கிழமை ரூபினி நேரிலேயே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தொப்பியும் பெரிய கேமராவுமாக. கணேஸ்வரன் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டை உடுத்தி, நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். ரூபினி வாசலிலேயே நின்றுவிட்டார். புஷ்பாவோடு வேலியருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் எழவில்லை. இருவரும் பள்ளித் தோழிகள் மாதிரி குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது உள்ளே கேட்டது. கணேஸ்வரன் தேநீர் போட்டார். அது ஆறியது. மறுபடி போட்டார்.

கடைசியில் உள்ளே வந்த ரூபினி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நான்கு பக்கம்.

"நல்லா எழுதியிருக்கீங்க அங்கிள்," என்று மூடி வைத்தார். பிறகு புஷ்பாவைப் பார்த்து, "அண்டி, அடுத்த மாசம் கோலா சிலாங்கூர்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறோம். நீங்க வந்து பேசணும். புழுவும் கூட்டுப்புழுவும் கொண்டுவந்தா ரொம்ப நல்லாருக்கும்," என்றார்.

"நானா? எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"இப்ப என்கிட்ட பேசினீங்களே, அதே போதும். அங்கிள், நீங்களும் வாங்க. அண்டியைக் கூட்டிட்டு வர ஆள் வேணுமே."

கார் ஓட்ட ஆள். கணேஸ்வரன் சிரித்தபடி தலையாட்டினார்.

திங்கட்கிழமை லோரி ஓட்டுநர் தேவன் சீட்டு வாங்கும்போது, "அண்ணே, நீங்கதான் அந்தப் புழு அக்காவோட வீட்டுக்காரரா?" என்று கண்ணடித்தான். பதினோரு வருடமாகத் தெரிந்தவன், விளையாட்டுக்குச் சொன்னது. கணேஸ்வரன் சீட்டைக் கையில் கொடுக்காமல் சன்னல் திட்டில் வைத்தார்.

கண்காட்சிக்காக புஷ்பா முதன்முறையாகப் புழுக்களை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். ஆறு புழுக்கள், ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கூடு கட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள். அந்த நேரம் பார்த்து, கோலா குபு பாருவில் இருக்கும் அவள் அக்கா தங்கமணிக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை என்று போன் வந்தது. பெண் துணைக்கு வேறு ஆளில்லை. அக்கா வீட்டுக்காரர் காரில் வந்து வெளியே காத்திருக்க, புஷ்பா பெட்டியைக் கணவரிடம் கொடுத்தாள்.

"மூணு நாள்தாங்க. காலையும் சாயங்காலமும் புது இலை. நந்தியாவட்டை மட்டும்தான், வேற வச்சிராதீங்க. புழுக்கையைத் தட்டி விடணும், ஈரம் சேரக் கூடாது. செய்வீங்களா?"

"செய்வேன், போ."

முதல் நாள் அவர் ஒழுங்காகத்தான் செய்தார். இரண்டாம் நாள் காலை பெட்டியைத் திறந்தபோது மூன்று புழுக்கள் நிறம் மாறியிருந்தன. பச்சை மங்கி, முதுகு பழுப்பேறி, செம்மண்ணில் புரட்டியெடுத்தது போல இருந்தது. இலையைத் தொடவில்லை. பெட்டியின் சுவரோரமாக விடாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தன.

அவருக்கு அது என்னவென்று தெரியும். காணொளி வந்த அன்றே, மனைவியைவிட ஒரு படி முன்னால் இருக்க வேண்டுமென்று, இந்தப் பூச்சியைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து முடித்திருந்தார். தின்று முடித்த புழு பழுப்பாகும், செடியைவிட்டு இறங்கும், காய்ந்த சருகுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். வேலியில் காணாமல் போனவற்றை மைனா தின்னவில்லை, அவை சருகுக்குள் போயிருந்தன. இதை அவர் புஷ்பாவிடம் சொல்லவில்லை. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கட்டும் என்று வைத்திருந்தார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. "அக்காவ உள்ள கொண்டு போயிட்டாங்க. பிள்ளைங்க எப்படி இருக்கு?"

பிள்ளைகள் என்றாள். அவருக்குச் சுள்ளென்றது.

"மூணு பழுப்பாயிருச்சி. திங்க மாட்டேங்குது."

 "பழுப்பாவா? நோயாங்க? இலையில மருந்து கிருந்து பட்டிருக்குமோ? பக்கத்து வீட்ல அடிச்சாங்களா?" என்றாள்.

சொல்ல வேண்டிய பதில் மூன்றே வார்த்தை. சருகு போட்டால் போதும். அது நாக்குவரை வந்தது. அவர் வேறு சொன்னார்.

"நோய் மாதிரிதான் தெரியுது. பொழைக்காதுன்னு நெனைக்கிறேன்."

புஷ்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மருத்துவமனை வராந்தாவில் நின்று, அக்காவுக்காக அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். "நான்தான் பொட்டியில அடைச்சு கொன்னுட்டேன்," என்றாள். "வெளிய வேலியடியில விட்ருங்க. சாகறதா இருந்தா அது செடிகிட்டயே சாகட்டும்."

"ம்."

போனை வைத்ததும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த நிம்மதி. அவளுக்கும் தெரியாதது உண்டு. இனி கண்காட்சியில் போய் என்ன காட்டுவாள்? இந்த எண்ணம் வந்த வேகத்திலேயே தன்மேல் அருவருப்பும் வந்தது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. அவள் சொன்னபடி வேலியடியில் விட்டிருந்தால்கூட அவை தாமாகவே சருகுக்குள் போய்ப் பிழைத்திருக்கும். அதையும் அவர் செய்யவில்லை. பெட்டியைச் சன்னலோரத்திலேயே வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, அரை நாள் விடுப்பு முடிந்து ஆலைக்குப் போனார்.

சாயங்காலம் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது வெயில் அந்தச் சன்னலில் முழுசாக விழுந்திருந்தது. பெட்டியின் மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. பழுப்புப் புழுக்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தன. ஒன்று புழுக்கையிலும் ஈரத்திலும் புரண்டு, சுவரில் ஏற முயன்று விழுந்தது. ஏறியது, விழுந்தது. அவர் சாப்பிட உட்கார்ந்தார். அது விழும் 'டப்' என்ற சத்தம் சாப்பாட்டு மேசைவரை கேட்டது. தொலைக்காட்சியைப் போட்டார்.

விடிந்ததும் பார்த்தார். ஒன்று சுருங்கிக் கறுத்து, காய்ந்த மிளகாய் போலக் கிடந்தது. இன்னொன்று பாதித் தோலை உரித்துவிட்டு மீதியை உரிக்க முடியாமல், உள்ளே உருவான கூட்டுப்புழு வெளியே பிதுங்கியபடி செத்திருந்தது. மூன்றாவது மட்டும் நகர்ந்தது. மிச்சமிருந்த மூன்று பச்சைப் புழுக்களில் இரண்டின் முதுகில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

கணேஸ்வரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பூச்சியைக்கூட அவர் கொன்றது கிடையாது. சுவரில் இருப்பதை விரலால்கூடத் தொட மாட்டார், செதில் உதிர்ந்துவிடும் என்று. அப்படிப்பட்டவர் இதைச் செய்திருக்கிறார். அவரைக் கேட்டால், வேலைக்குப் போய்விட்டேன், வெயில் விழும் என்று தெரியாது என்று சொல்லலாம். யாரும் நம்புவார்கள்.

எழுந்தார். ஆலைக்குப் போன் செய்து வரவில்லை என்றார். துணி துவைக்கும் பேசினை எடுத்து, வேலியடியில் கிடந்த சருகையெல்லாம் வாரிப் பாதி நிரப்பினார். பச்சைப் புழுக்களைப் புது இலையோடு ஓரத்தில் விட்டார். மூன்றாவது புழுவை மெதுவாகச் சருகின்மேல் விட்டார். அது ஒரு நொடி நின்றது. பிறகு தலையைச் சருகுக்குள் நுழைத்து, உடம்பை நெளித்து, உள்ளே போய் மறைந்தது. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

புஷ்பா மறுநாள் மதியம் வந்தாள். அக்கா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே பையை வைத்தவள், பேசினைப் பார்த்து நின்றாள். அருகில் ஒரு வெள்ளைத் தாளில் செத்த இரண்டும் இருந்தன. கணேஸ்வரன் அவற்றை எறியவில்லை.

"மத்தது உள்ள இருக்கு," என்றார். "நாலும். ஒண்ணு கூட்டுப்புழுவாயிருச்சி. நோயில்ல புஷ்பா. இறங்கற நேரம் வந்தா பழுப்பாகும். சருகு வேணும் அதுக்கு."

அவள் முகம் மலர்ந்தது. "நோயில்லையா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அந்தச் சந்தோஷத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"கண்டுபிடிக்கல. முன்னமே தெரியும்," என்றார். "நீ போன் பண்ணப்பவே தெரியும்."

புஷ்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா பொழைக்காதுன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"நான் அங்க அழுதுட்டு இருந்தேங்க."

"கேட்டுச்சி."

"ஏன்?"

அவர் ஏதேதோ யோசித்தார். கடைசியில், "எல்லாரும் உன்னையே கேக்கறாங்க," என்றார். சொன்ன பிறகு அது எத்தனை சின்னதாக இருந்தது என்று அவர் காதிலேயே விழுந்தது.

புஷ்பா கத்தவில்லை. பேசினைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பத்து நாட்கள், சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் அறைக்குள் அவர் நுழைந்தால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவர் வெளியேறும்வரை காத்திருந்தாள்.

கண்காட்சி நாளில் அவர்தான் கார் ஓட்டினார். தஞ்சோங் காராங் வந்ததும், சுங்கை புரோங் பக்கம் அறுவடை என்று சாலையெங்கும் நெல் லோரிகள். புஷ்பா மடியில் கூட்டுப்புழுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் கார் இறங்கும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

மண்டபத்தில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புஷ்பா முதல் இரண்டு நிமிடம் நடுங்கினாள், அப்புறம் வீட்டில் பேசுவது போலவே பேசினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுமி எழுந்து, புழு ஏன் பழுப்பாகிறது என்று கேட்டாள்.  இப்போது சொல்லிவிடுவாள் என்று கணேஸ்வரன் நினைத்தார். சொல்லட்டும் என்றும் நினைத்தார்.

"அது வீடு மாறப் போகுது, அதான்," என்றாள் புஷ்பா. "அப்ப நாம சருகு போடணும். எனக்கு அது தெரியாம இருந்துச்சி. அதனால என்கிட்ட ரெண்டு செத்துப் போச்சி. நீங்க மறந்துராதீங்க, சரியா?"

கைதட்டினார்கள். ரூபினி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். கணேஸ்வரனும் கைதட்டினார். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த மேடையில் தான் நின்றிருந்தால் என்ற எண்ணம் வந்துபோனது. இவ்வளவு நடந்த பிறகும் வருகிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

திரும்பும்போது அவர்தான் பேச்சை எடுத்தார். "நான் செஞ்சதை ஏன் சொல்லல?"

"சின்னப் பிள்ளைங்ககிட்ட போயி அதைச் சொல்வாங்களா?" என்றாள் புஷ்பா. பத்து நாளில் முதல் பேச்சு. "உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்கே சொல்ல வெக்கமா இருந்துச்சி."



அடுத்த நான்கு நாட்களில் மூன்று பூச்சிகள் வெளியே வந்தன. மூன்றையும் புஷ்பா குழுவில் போட்ட காணொளியில்தான் அவர் பார்த்தார், ஆலைச் சுவரருகே நின்றபடி. அவர் வேலைக்குக் கிளம்பும் முன்பே அவை வந்துவிட்டிருந்தன. ஒரே வீட்டில் இருந்தும் புஷ்பா எழுப்பவில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் விடியற்காலை, அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, குளியலறைக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"கடைசி ஒண்ணு வருது. பாக்கணும்னா வாங்க."

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினார். சருகின் மேலே பூச்சி நின்றிருந்தது. நனைந்த துணிபோல இறக்கை கசங்கி, கட்டைவிரல் அளவே இருந்தது. புஷ்பா ஒரு குச்சியை நீட்டினாள். அது குச்சியில் ஏறித் தொங்கியது. இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இறக்கை மெல்ல மெல்ல இறங்கி விரிந்தது. பச்சை தெளிந்தது, இளஞ்சிவப்புப் பட்டை தெரிந்தது. அரை மணி நேரம் ஆனது. ஒன்பது வருடம் பார்த்த பூச்சியை அவர் இப்போதுதான் முழுசாகப் பார்த்தார்.

"படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

புஷ்பா கொஞ்சம் யோசித்தாள். "எடுங்க. ஆனா குரூப்புல நான்தான் போடுவேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "சரி," என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுத்துவர எழுந்தார்.